காந்தியடிகளும் புலால் மறுத்தலும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஏறக்குறைய 7 மைல். சாலையின் மேற்புறத்தே மலைத்தொடர் இறுதிவரை உடன் வருகின்றது. இரண்டு ஊர்களும் ஒரே மலையின் நீரை உண்பன. ஒரே நெல்லையும் பருத்தியையும் விளைப்பன. ஆயினும் உணவைப் பற்றிய பேச்சு எழுமாயின் அவற்றை இருவேறு உலகங்களாகப் பிரித்துப் பேசுதல் நம் பக்கத்தார் வழக்கம். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய தலம். பதினொரு நிலைக் கோபுரத்தின் அடியில் வாழும் குடும்பங்கள் பல புலாலைத் தொடாதவை. அவ்வூரின் பெயரைத் தொலைவிலுள்ளார் நாவிற் கொண்டு சேர்ப்பதும் பாலைச் சுண்டக் காய்ச்சிக் கிளறும் பால்கோவாவே. இராஜபாளையமோ ஆந்திர நாட்டினின்றும் வந்து குடியேறிய ராஜுக்களின் ஊர். அவர்கள் வளர்த்த வெண்ணிற நாய் காட்டுப்பன்றி வேட்டையிற் பெயர் பெற்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அவ்வேட்டைக்கு இடமில்லை. நாய் மட்டும் வீட்டு வாயிலிற் காவல் காத்து நிற்கின்றது. இவையெல்லாம் பொதுப்படச் சொல்லுவன. உள்ளபடி நோக்கின், ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஆட்டிறைச்சிக் கடைகள் உள்ளன. இராஜபாளையத்திலும் பிறந்தது முதல் ஊனின் சுவையறியாதார் உளர்.

இவ்விரண்டு ஊர்களிலும் வாழும் கிறிஸ்தவர்களாகிய நமது நிலையோ விந்தையானது. கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று ஆட்டுக்கறி வேகாத வீட்டை அயலார் இரக்கத்தோடு நோக்குவர். நம்முள் ஒருவன் லெந்து நாட்களிற் புலாலை விடுத்து, ஈஸ்டர் கழிந்த பின்னும் அந்நோன்பைத் தொடர்வானாயின், அவனை நோக்கி எழும் முதல் வினா, உடம்பிற்கு என்ன என்பது. இரண்டாம் வினா, மதம் மாறிவிட்டாயோ என்பது. மறுபுறத்தே, புலாலை விட்ட சிலர் அதனை விட்ட அன்றே பிறரினும் ஒரு படி உயர்ந்துவிட்டதாக எண்ணிக் கொள்வதையும் காண்கிறோம். ரோமாபுரியிலிருந்த சபைக்குப் பவுலடியார் வரைந்த நிருபத்தின் 14ஆம் அதிகாரம் இவ்விரு சாராரையும் கருதியே எழுந்தது. உண்பவன் உண்ணாதவனை இகழலாகாது, உண்ணாதவன் உண்பவனைக் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது என்பது அதன் கருத்து. அவ்வதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம்; பந்தியில் அமர்ந்தவுடன் மறந்திருக்கிறோம்.

புலாலுண்ணாமையைத் தம் வாழ்நாள் முழுதும் ஒரு பெருங்கேள்வியாகச் சுமந்து, அதனால் வீட்டிலும் வெளியிலும் இடர்ப்பட்டு, இறுதிவரை அதனைப் பிறர்மேற் சுமத்த மறுத்தவர் ஒருவர் உளர். அவர் காந்தியடிகள். அவர்தம் அரசியல் வாழ்வை அறியாதார் இலர். அவர் உண்ட உணவின் வழியே அவர் வாழ்வை ஒருமுறை நடந்து காண்பதே ஈண்டு நம் நோக்கம்.

அடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கத்தியவாரிலுள்ள போர்பந்தரிற் பிறந்தார். தந்தையார் கரம்சந்தர், தாயார் புத்லிபாய். வைணவ மரபிற் பிறந்த வாணிகக் குடி. சமண முனிவர்களும் அவ்வீட்டிற்கு வந்து செல்வர். மழைக்காலத்து நான்கு திங்களில் தாயார் நோன்பு நோற்பார். ஓராண்டில், கதிரவனைக் கண்டாலன்றி உண்பதில்லை என்று உறுதி பூண்டார். பிள்ளைகள் முற்றத்தில் நின்று வானத்தை நோக்கியிருப்பர். முகில் விலகியதும் ஓடிச்சென்று அறிவிப்பர். தாயார் வெளியே வருவதற்குள் கதிரவன் மறைந்துவிடுவான். அதற்காக அவ்வம்மையார் வருந்தியதில்லை. இன்று நான் உண்பது இறைவனுக்கு விருப்பமில்லை போலும் என்று மீண்டும் தம் பணிக்குச் சென்றுவிடுவார். உணவை விடுவதில் அழுகையில்லை என்பதை அம்மகன் முதலிற் கண்டது அம்முற்றத்திலேதான்.

அத்தகைய வீட்டிற் பிறந்தவர் ஊனுண்டார் என்பது பலர்க்கு வியப்பாகலாம். ராஜ்கோட்டிற் பள்ளி மாணவராயிருந்தபோது ஒரு நண்பர் வாய்த்தார். அவர் உடல் வலியர், விரைந்து ஓடுவார், உயரத் தாண்டுவார். நம் மாணவரோ இருளைக் கண்டு அஞ்சுவார். பாம்பையும் பேயையும் நினைத்து விளக்கின்றி உறங்கார். ஆங்கிலேயர் நம்மை ஆள்வது அவர்கள் புலாலுண்பதனால். நாம் அடிமைப்பட்டது உண்ணாமையால். நம் ஆசிரியர் பலரும் மறைவில் உண்கின்றனர் என்று நண்பர் எடுத்துரைத்தார். இதே கருத்துடைய கூர்ச்சரப் பாட்டொன்று அக்காலத்துப் பள்ளிச் சிறுவரிடையே வழங்கிற்று. ஆகவே நம் மாணவர் நாவின் சுவை கருதி உண்ணத் துணியவில்லை. நாட்டு விடுதலைக்காக உண்ணத் துணிந்தார்! இக்காலத்து இளைஞர் சிலர் தசை பெருக்கும் பொருட்டு முட்டையை எண்ணி எண்ணி உண்பதை நோக்கும்போது, அந்நண்பரின் வாதம் இன்னும் இறக்கவில்லை என்றே தோன்றுகின்றது.

ஆற்றங்கரையில் ஒரு மறைவிடம். கடையில் வாங்கிய ரொட்டியும் ஆட்டிறைச்சியும். இறைச்சி தோலைப்போற் கடினமாயிருந்தது. வாயில் வைத்தவர் விழுங்க முடியாமல் எழுந்துவிட்டார். அன்றிரவு கண்ணயரும்போதெல்லாம் உயிருள்ள ஆடொன்று தம் வயிற்றினுள்ளே கத்துவதுபோலத் தோன்றித் திடுக்கிட்டு விழித்தார். விழித்த ஒவ்வொரு முறையும், இது நாட்டிற்கான கடமையன்றோ என்று தம்மைத் தேற்றிக்கொண்டார். பின்னர் நண்பர் மேசையும் நாற்காலியும் உள்ள மாளிகையொன்றில் இறைச்சியைப் பதமாகச் சமைத்துப் படைக்க ஏற்பாடு செய்தார். வெறுப்புக் குறைந்தது, சுவையும் தெரிந்தது. ஓராண்டுக் காலத்தில் இவ்வாறு உண்டது ஐந்தாறு முறைக்கு மேலிராது.

அவரைத் தடுத்தது ஆட்டின்மேற் கொண்ட இரக்கமன்று, தாயின் முகமே. இத்தகைய விருந்துண்ட நாளில் வீட்டிற்குத் திரும்பினால் தாயார் உண்ண அழைப்பார். பசியில்லை, செரிமானம் சரியில்லை என்று ஏதேனும் பொய் சொல்லவேண்டும். ஊனுண்பதினும் பொய்யுரைத்தல் அவரை மிகுதியும் வருத்திற்று. ஆகவே பெற்றோர் உயிரோடிருக்குமட்டும் உண்பதில்லை. அவர் காலத்திற்குப் பின் வெளிப்படையாக உண்போம் என்று முடிவு செய்தார். அவர் புலாலைத் துறந்தார் என்று சொல்வதினும், அதனை உண்ணும் நாளைத் தள்ளிவைத்தார் என்பதே பொருந்தும். 1885இல் தந்தையார் காலமானார். 

இக்காலத்து நிகழ்ச்சி மற்றொன்றைக் கிறிஸ்தவராகிய நாம் மறைத்துவிட்டுச் செல்லுதல் நேர்மையாகாது. பள்ளிக்கு அண்மையிலுள்ள தெருமுனையிற் பாதிரிமார் நின்று இந்து தெய்வங்களைப் பழித்துப் பேசுவதைச் சிறுவரான அடிகள் கேட்டார். ஊரில் பெயர் பெற்ற இந்து ஒருவர் திருமுழுக்குப் பெற்றபோது மாட்டிறைச்சி உண்ணவும் மது அருந்தவும் நேர்ந்ததென்றும் ஊரார் பேசிக்கொண்டனர். ஊனுண்ணுமாறு கட்டாயப்படுத்துவது ஒரு மதமாகுமா என்று அவர் உள்ளம் வெதும்பிற்று. பல்லாண்டு கழித்து அடிகள் இதனைத் தம் வரலாற்றில் எழுதியபோது, ராஜ்கோட்டில் அந்நாளிற் பணியாற்றிய ஸ்காட் என்னும் பாதிரியார் இதனை மறுத்து எழுதினார்; அடிகள் அம்மறுப்பைத் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டார். நிகழ்ந்தது எதுவாயினும், இவ்வாறு ஒரு சொல் ஊரிற் பரவியதே ஒரு சிறுவனுக்கு நம் வேதத்தின் வாயிலைப் பலவாண்டுகள் அடைத்துவைக்கப் போதுமானதாயிற்று. மதுரையில் 1606ஆம் ஆண்டு வந்திறங்கிய தத்துவபோதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி, காவியுடுத்து, புலாலை அறவே நீக்கி, நாளொன்றிற்கு ஒருவேளை சோறும் காய்கறியும் பாலும் கொண்டு வாழ்ந்தார். கிறிஸ்துவைப் பின்பற்ற உணவை மாற்ற வேண்டுவதில்லை என்பதை அத்தாலிய நாட்டுத் துறவி கண்டிருந்தார். ராஜ்கோட்டுத் தெருமுனையில் அவ்வரலாற்றை அறிந்தார் எவருமிலர் போலும்.

1888இல் அடிகள் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விழைந்தார். அந்நாட்டிற்குச் சென்றோர் ஊனும் மதுவும் கொள்வர் என்று கேள்வியுற்ற தாயார் இசையவில்லை. பேச்சர்ஜி சுவாமி என்னும் சமண முனிவர் முன்னிலையில் மது, மாது, ஊன் மூன்றையும் தொடேன் என மகன் உறுதிமொழி கூறிய பின்னரே விடை கொடுத்தார். செப்டம்பர் 4ஆம் நாள் பம்பாயிற் கப்பலேறினார். ஏடன் கடந்தால் முடியாது, பிஸ்கே வளைகுடாவில் ஊனின்றி உயிர் தரியாது என்று உடன் பயணிகள் அச்சுறுத்தினர். அவ்வளைகுடாவையும் கடந்து, தாம் ஊன் உண்ணவில்லை என்பதற்குச் சான்றிதழும் வாங்கி வைத்துக்கொண்டார். உண்டவர்க்கும் அத்தகைய சான்றிதழ் கிடைக்கும் என்று பின்னர் அறிந்து, அத்தாளின்மேல் வைத்த மதிப்பை இழந்தார்.

லண்டனில் தொடக்க நாட்கள் மிக்க துன்பமானவை. உப்பும் காரமுமில்லாத வெந்த கீரையும் ரொட்டியும். பத்தொன்பது வயது இளைஞர், வயிறோ நிரம்பவில்லை, இன்னும் கொஞ்சம் ரொட்டி வேண்டும் என்று கேட்க நாணம். வேறொரு வீட்டிற் தங்கியபோது அவ்வீட்டுச் சிறுமியர் இருவர் இரக்கங் கொண்டு ஓரிரு துண்டு கூடுதலாக வைப்பர். நண்பரொருவர் பெந்தாம் என்பாரின் நூலைப் படித்துக் காட்டி, கல்லாத தாய்க்குக் கொடுத்த வாக்கு, நிலைமை அறியாது கொடுத்த வாக்கு, அதனைக் காத்தல் மூடநம்பிக்கை என்று வாதித்தார். வாதம் எனக்கு விளங்கவில்லை. ஊனுண்ணுதல் தேவையென்றே ஒப்புகிறேன். ஆயினும் வாக்கு வாக்கே என்ற அளவில் இவர் விடை நின்றது. நாம் இதனைப் பன்முறை எண்ணிப் பார்த்ததுண்டு. புலால் நல்லதென்று அறிவு சொல்லுகிறது, உடலும் வேண்டுகிறது, கண்காணிப்பார் எவருமில்லை, தாயோ ஆறாயிரம் மைலுக்கு அப்பால். அந்நிலையில் அவர் கையைத் தடுத்தது கொள்கை அன்று. ஒரு தாயின் நம்பிக்கை.

நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து மரக்கறி உணவுவிடுதி தேடினார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒன்றனைக் கண்டார். வாயிலின் கண்ணாடிப் பேழையில் விற்பனைக்கு நூல்கள் இருந்தன. ஹென்றி சால்ட் என்பார் மரக்கறியுணவை ஆதரித்து எழுதிய நூலொன்றை ஒரு ஷில்லிங் கொடுத்து வாங்கிக்கொண்டு உள்ளே சென்றார். இங்கிலாந்தை அடைந்த பின் வயிறார உண்டது அன்றே. அந்நூலை முதலிலிருந்து முடிவுவரை படித்தார். அன்றுவரை இந்தியரெல்லாம் ஊனுண்ண வேண்டும், தாமும் ஒருநாள் உண்ணவேண்டும் என்றே எண்ணியிருந்தவர், அன்றுதான் புலாலைத் தம் உள்ளத்தால் விட்டார். தாய்க்காகக் காத்த வாக்கு அதுமுதல் தம்முடைய வாக்காயிற்று. குலவழக்கத்தால் விட்டவரும், அஞ்சி விட்டவரும், தாமே தெரிந்து விட்டவரும் இலையில் உண்பது ஒன்றேயாயினும், அவர்தம் நிலை ஒன்றன்று. பெற்றோர் விட்டதனால் தாமும் விட்டவர், அதனைத் தம் உயர்வென்று பேசுதல் எங்ஙனம்?

புதிதாக ஒன்றைத் தழுவினார்க்கு இயல்பாகிய வேகம் அடிகளுக்கும் இருந்தது. லண்டன் மரக்கறியுணவாளர் சங்கத்தின் செயற்குழுவில் உறுப்பினரானார். தாம் குடியிருந்த பேஸ்வாட்டர் பகுதியில் ஒரு சிறு கழகமும் கண்டு, தாம் செயலாளராயும் டாக்டர் ஓல்ட்ஃபீல்டு தலைவராயும் நடத்தினர். அது சில திங்களில் மறைந்தது. செயற்குழுவில் நேர்ந்த பூசலொன்று நம் கருத்திற்குரியது. டாக்டர் அல்லின்சன் என்பார் குழந்தைப்பேற்றைக் கட்டுப்படுத்தும் முறைகளைப் பரப்பியமையின் அவரைச் சங்கத்தினின்றும் நீக்க வேண்டுமெனத் தலைவர் ஹில்ஸ் முனைந்தார். அடிகளுக்கு அல்லின்சனின் கருத்தில் உடன்பாடு சிறிதுமில்லை. ஆயினும், மரக்கறியுணவுச் சங்கத்தில் மரக்கறி உண்பார் அனைவர்க்கும் இடமுண்டு. பிற ஒழுக்கங்களை அளந்து பார்த்து ஒருவரை வெளியேற்றுதல் தகாது என்று எழுதிக்கொண்டு சென்றார். எழுந்து படிக்க நாவெழவில்லை, பிறரொருவர் படித்தார். அவர் சேர்ந்த கட்சி அன்று தோற்றது.

அக்காலத்திலேயே மான்செஸ்டரிலிருந்து வந்த கிறிஸ்தவர் ஒருவரை மரக்கறி விடுதியொன்றிற் சந்தித்தார். ராஜ்கோட்டுச் செய்தியைக் கேட்டு அந்நல்லார் வருந்தினார். தாம் ஊனும் மதுவும் தொடாதவர் என்றும், இரண்டனையும் திருமறை எவர்க்கும் விதிக்கவில்லை என்றும் கூறி, வேதாகமம் ஒன்றை வாங்கித் தந்தார். பழைய ஏற்பாட்டிற் சில பகுதிகள் அடிகட்கு உறக்கத்தைத் தந்தன. மலைப்பிரசங்கமோ நேரே நெஞ்சிற் சென்று தங்கிற்று. தெருமுனையில் அடைபட்ட வாயில் ஓர் உணவு மேசையிற் திறந்தது.

1891இல் இந்தியாவிற்குத் திரும்பினார். யாருக்காக அவ்வாக்கைக் காத்தாரோ அத்தாயார் முன்னரே மறைந்துவிட்டார் என்ற செய்தியைக் கரையிறங்கிய பின்னரே அறிந்தார்.

1893இல் தென்னாப்பிரிக்கா சென்றார். நேட்டாலில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தார் ஞாயிறுதோறும் அவரைத் தம் வீட்டில் விருந்துண்ண அழைப்பர். அவ்வீட்டுச் சிறுவனுக்கு வயது ஐந்து. சிறுவன் தட்டில் ஊன்; அடிகள் தட்டில் ஆப்பிள். சிறுவர்களோடு இருக்கையில் உலகை மறக்கும் இயல்புடையவராதலின், அவன் தட்டிலுள்ளதைக் குறைத்தும் தம் தட்டிலுள்ளதை உயர்த்தியும் விளையாட்டாகப் பேசிவிட்டார். அடுத்த வாரம் தாயார் தயங்கித் தயங்கி வாய்திறந்தார். மகன் ஊனுண்ண மறுக்கிறான். நாள்தோறும் பழமே கேட்கிறான். உடல் மெலிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன் என்றார். அடிகள் அத்தாயோடு வாதிக்கவில்லை. சொல்லை நிறுத்திக்கொள்ளலாம்; என் தட்டைக் காணும் குழந்தையின் கண்ணை மறைக்க இயலாதே; ஆகவே நான் வருவதை நிறுத்திக்கொள்வேன்; நம் நட்பிற்கு ஊறில்லை என்று கூறி, அவ்வாறே செய்தார். தம் கொள்கை உண்மை என்று உறுதியாக நம்பியவர், ஒரு தாயின் அடுக்களைக்கு முன்னே அதனை நிறுத்திக்கொண்டார். அடிகளின் வரலாற்றில் நமக்கு மிக்க விருப்பமான பகுதி இதுவே.

தம் வீட்டிலோ இத்தகைய தளர்வு இல்லை. 1902இல் பம்பாயில் அவர்தம் இரண்டாம் மகன் மணிலாலுக்கு நச்சுக்காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் கண்டன. முட்டையும் கோழிச்சாறும் தரவேண்டும் என்றார் பார்சி மருத்துவர். பத்து வயதுச் சிறுவனிடம் மருத்துவர் சொன்னதை எடுத்துரைத்து அவன் கருத்தைக் கேட்டார் தந்தை. அவனும் வேண்டா என்றான். நீர்ச் சிகிச்சை செய்தார். ஈரத்துணியிற் சுற்றிப் படுக்கவைத்துவிட்டு, நெஞ்சு துடிக்க வெளியே சென்று இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே உலாவித் திரும்பினார். மகன் வியர்த்துக் காய்ச்சல் தணிந்திருந்தது. மகன் பிழைத்தான். ஆயினும் இந்நிகழ்ச்சியை நாம் புகழத் துணியவில்லை. தந்தையின் கருத்தை நன்கறிந்த பத்து வயதுப் பிள்ளையின் விடையைத் தன் விருப்பம் என்று கொள்ளலாகுமோ? அயலார் மகனைத் தாயின் கையில் விட்டவர், தம் மகனை மருத்துவர் கையில் விடவில்லை. இறைவன் காத்தான் என்று அடிகள் நம்பினார்; அந்நம்பிக்கையை மதிப்போம். அவ்வாறு காக்கப்படாத பிள்ளைகளும் உலகில் உளர் என்பதை மறவோம்.

கஸ்தூரிபாய் அம்மையாரின் செய்தி வேறு. டர்பனில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் அவர் நிலை தளர்ந்தது. மாட்டிறைச்சிச் சாறு தரவேண்டும். இன்றேற் பொறுப்பேற்க இயலாது என்றார் மருத்துவர். மனைவியார் விரும்பி உண்பாராயின் தடையில்லை என்றே அடிகள் சொன்னார். அம்மையாரே மறுத்தார். மழைத்தூறலில், எலும்புந் தோலுமாய் இருந்தவரை ரிக்ஷாவில் ஏற்றி, புகைவண்டியில் ஃபீனிக்ஸ் குடியிருப்பிற்குக் கொண்டு சென்றார் கணவர். வழியெல்லாம் கணவர்க்கு ஆறுதல் கூறியவர் நோயாளியான அம்மையாரே. ஒரு சுவாமியார் வந்து நின்று, நோயில் ஊனுண்ணல் குற்றமன்று என்று சாத்திரங்களை எடுத்தோதினார். சாத்திரம் இருக்கட்டும், எனக்கு வேண்டா என்றார் எழுத்தறிவு குறைந்த அப்பெண்மணி. புலால் மறுத்தலில் அடிகளினும் உறுதி மிக்கவர் அவ்வீட்டிலேயே இருந்தார் என்று நாம் கருதுகிறோம்.

1910இல் ஜோஹானஸ்பர்க் நகருக்கு 21 மைல் தொலைவில், கல்லன்பாக் என்னும் நண்பர் தம் 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குமாறு ஈந்தார். டால்ஸ்டாய் பண்ணை என்பது அதன் பெயர். ஆடவர் சிறை செல்ல, அவர்தம் மனைவியரும் மக்களும் அங்கே வாழ்ந்தனர். இந்துக்கள், முகம்மதியர், பார்சிகள், கிறிஸ்தவர் என எல்லாரும் இருந்தனர். தமிழ் வழங்கும் குடும்பங்களும் இருந்தன. அடுக்களை ஒன்றே அமைக்கவேண்டிய நிலை. பிறந்தது முதல் ஊனுண்டு பழகிய கிறிஸ்தவ, முகம்மதிய மகளிர்க்கு அதனை மறுப்பதெங்ஙனம்? அவர்கள் மாட்டிறைச்சியே கேட்பினும் கொடுத்தல் தம் கடன் என்று அடிகள் உள்ளத்தில் முடிவு செய்துகொண்டார். நாட்டிற்காகத் துன்புறும் குடும்பங்களின் வறுமையைப் பயன்படுத்தித் தம் கொள்கையை அவர்தம் இலையில் வைத்தல் அறமன்று என்பது அவர் கருத்து. அதன் பின்னரே அம்மகளிரிடம் சென்று நிலைமையைப் பணிவோடு எடுத்துரைத்தார். அவர்கள் தாமே இசைந்து மரக்கறி அடுக்களைக்கு ஒப்பினர். அவ்விசைவு மறுக்கப்பட்டிருப்பின் அவர் ஊனை வருவித்திருப்பார் என்பதில் நமக்கு ஐயமில்லை. அயல்நாட்டில் வயிற்றுப் பழக்கத்தை விட்டுக்கொடுத்த அக்கிறிஸ்தவ மகளிரின் பெயர்களை நம் சபைகளில் எவரும் நினைப்பதில்லை.

1912இல் பாலையும் விட்டார். பசுவையும் எருமையையும் கறப்பதற்காகச் செய்யும் கொடுமைகளைக் கேள்வியுற்றது ஒரு காரணம். 1918இல் சீதபேதியால் உயிர் ஊசலாடிற்று; பாலின்றிப் பிழைக்க வழியில்லை என்றார் மருத்துவர். பசும்பாலும் எருமைப்பாலுந்தானே விலக்கினீர்கள், ஆட்டுப்பால் ஆகுமே என்றார் கஸ்தூரிபாய். அதனை ஏற்றார். நோன்பின் எழுத்தைக் காத்தேன், உயிரைக் கொன்றேன் என்னும் பொருள்பட அவர் பின்னர் வருந்தியதுண்டு. அவ்வாட்டுப்பால் இறுதிவரை அவருடைய உணவாயிற்று. பால்கோவாவின் ஊரினராகிய நமக்குப் பாலைத் துறத்தல் கனவிலும் தோன்றாத செய்தி. பாலும் உயிரினிடத்தினின்று வருவதே என்று ஒருவன் வாதிப்பானாயின் நாம் பேச்சை மாற்றிவிடுவோம்.

1931 நவம்பரில், வட்டமேசை மாநாட்டிற்காக லண்டன் சென்றிருந்த அடிகள், பழைய மரக்கறிச் சங்கத்தார் கூட்டத்திற் பேசினார். 80 வயது முதியவராகிய ஹென்றி சால்ட் அம்மேடையில் அவர் அருகே அமர்ந்திருந்தார். ஒரு ஷில்லிங் நூலை எழுதியவரும் அதனை வாங்கியவரும்! உடல்நலம் கருதி மட்டும் ஊனை விடுவோர் நோய் வந்தவுடன் திரும்பிவிடுவர். அறத்தின்மேல் நின்றாரே நிலைப்பர் என்றும், தம் கொள்கையில் வெறிகொண்டு பிறரை இகழ்தல் ஆகாது என்றும் அவர் அங்கே வற்புறுத்தினார்.

1933 நவம்பரில் தொடங்கிய தீண்டாமை ஒழிப்புச் சுற்றுப்பயணத்தில் ஏறக்குறைய 12,500 மைல் சென்று 8 இலட்ச ரூபாய் திரட்டினார். 1934 ஜனவரியில் திருநெல்வேலிச் சீமையைக் கடந்து இராஜபாளையத்திற்கும் வந்தார். அவ்வூரினரும் பின்னாளிற் சென்னை மாகாணத்தின் முதன்மை மந்திரியாய் விளங்கியவருமான பூ. ச. குமாரசாமி ராஜா அடிகளின் தொண்டர். தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றத்திற்கு ஈந்துவிட்டார். அப்பயணத்தில் அடிகள் எதிர்நோக்கிய வாதங்களுள் ஒன்று உணவைப் பற்றியதே. தாழ்த்தப்பட்ட மக்கள் செத்த மாட்டின் இறைச்சியையும் உண்கின்றனர். அவரைக் கோயிலுள் விடுவதெங்ஙனம் என்றனர் வைதிகர். செத்ததை உண்ணும் நிலைக்கு அவரைத் தள்ளிய வறுமையை அவ்வாதம் பேசவில்லை. அவ்வுணவை விடுமாறு அம்மக்களை அடிகள் வேண்டியதுண்டு. ஆயினும் விட்ட பின்னரே கதவு திறக்கப்படும் என்ற நிபந்தனையை அவர் ஏற்கவில்லை. ஊனுண்ணும் சாதி இந்துக்கள் பலர் தடையின்றிக் கோயிலுள் நுழைகின்றனரே, இவர்க்கு மட்டும் தடையேன் என்பது அவர் வினா. 1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை கோயிலில் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டாரை அழைத்துச் சென்றார். அடிகள் இட்ட அரிசனர் என்னும் பெயரை அம்மக்களிற் பலர் இன்று ஏற்பதில்லை. அதற்கு அவர்க்கு உரிமையுண்டு. கோயிலைப் பற்றிப் பேசிவிட்டு நம் ஆலயங்களைப் பேசாமல் விடலாமோ? ஒரே ஊனை உண்டு, ஒரே அப்பத்திலும் இரசத்திலும் பங்குபெற்று, சாதிக்கோர் இருக்கைவரிசை வைத்திருந்த சபைகள் திருநெல்வேலிச் சீமையிற் பல இருந்தன.

1947 ஜூலையில், பசுக்கொலையைச் சட்டத்தால் தடுக்குமாறு ஆயிரக்கணக்கிற் கடிதங்களும் தந்திகளும் வந்து குவிந்தன. பசுவைத் தாயெனப் போற்றியவர் அவர். ஆயினும் இந்நாட்டில் முகம்மதியரும் பார்சிகளும் கிறிஸ்தவரும் வாழ்கின்றனர். என் நோன்பு என்னுடையது. அதனைச் சட்டத்தால் பிறர்மேற் சுமத்த உடன்படேன் என்னும் கருத்தையே அவர் வழிபாட்டுக் கூட்டத்தில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் தில்லியிற் சுடப்பட்டு மறைந்தார்.

அவர் பிறந்த நாளாகிய அக்டோபர் 2ஆம் நாள் தமிழ்நாட்டு நகரங்களில் இறைச்சிக் கடைகளை மூடுமாறு ஆணை பிறப்பிக்கும் வழக்கம் உண்டு. நல்லெண்ணத்தோடு எழுந்த ஆணையே. அவ்வாணையை அடிகள் கேட்டிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. அதற்கு முந்திய நாள் மாலையில் நம் ஊர்க் கடைகளின் முன் வழக்கத்தினும் நீண்ட வரிசை நிற்பதை நாம் கண்டதுண்டு. அவ்வரிசையில் நம் வீட்டுப் பையும் இருந்தது.